அனிமல் கிராசிங்கில் எல்லாமே ஏன் ஆனை விலை, குதிரை விலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிண்டெண்டோ ஸ்விட்சில் 2020 மார்ச் 20 அன்று வெளிவந்த 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' ஆட்டத்தை இன்றைக்கும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆளில்லாத ஒரு தீவில் கூடாரம் போட்டு, மீன் பிடித்து, மரம் நட்டு, பேசும் விலங்குகளோடு அக்கம்பக்கமாக வாழ்வதுதான் ஆட்டம். சுடுவது, துரத்துவது, தோற்பது எதுவும் கிடையாது. இவ்வளவு சாதுவான ஆட்டத்தில் விலைப்பட்டியலைப் பார்த்தால் மட்டும் நெஞ்சை அடைக்கிறது. பெல் என்பது அந்தத் தீவின் காசு. புதிதாக வந்தவர்கள் அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் என் சொந்த அபிப்பிராயம். அதைப் படிக்கும்போதே தெரிந்துகொள்வீர்கள்.

தலையில் வைக்கும் கிரீடம் 12 லட்சம் பெல்லா? ஏதாவது கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. ஏபிள் சிஸ்டர்ஸ் துணிக்கடையில் எப்போதாவது 'ராயல் கிரவுன்' விற்பனைக்கு வரும். விலை 12,00,000 பெல். சாதாரண 'கிரவுன்' 10,00,000. அதே கடையில் சட்டையும் தொப்பியும் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும்போது இந்த இரண்டைப் பார்த்ததும் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். நூக்ஸ் கிரானி மளிகைக் கடையிலும் இதே கதைதான். ஒரு நாள் அலமாரியில் கிராண்ட் பியானோ நிற்கும், விலை 2,60,000. இன்னொரு நாள் கிமோனோ தொங்கவிட்ட அலங்கார நிலைச்சட்டம் ஒன்று, விலை 2,20,000.

கிரீடத்தை வைத்துக்கொண்டால் வேகமாக ஓட முடியுமா? அக்கம்பக்கத்தார் கூடுதல் மரியாதை தருவார்களா? ஒன்றும் கிடையாது. அது வெறும் பந்தா. ஆட்டத்தில் முன்னேறத் தேவையான எதற்கும் இந்த விலை இல்லை என்பதைக் கவனியுங்கள். மண்வெட்டி, தூண்டில், வலை எல்லாம் கிட்டத்தட்ட இலவசம், மரக்கட்டையைப் பொறுக்கி நீங்களே செய்துகொள்ளலாம். கிரீடத்தைத் தலையில் வைத்துப் பார்க்க மட்டும் ஆசை என்றால் கடையின் உள்ளே இருக்கும் உடைமாற்றும் அறைக்குள் போங்கள். போட்டுப் பார்ப்பதற்குக் காசு கேட்பதில்லை.

இந்த விலையையெல்லாம் யார் வைப்பது? போகப் போக ஏறுமா?

ஏறாது, இறங்காது. ஆட்டத்தைச் செய்தவர்கள் ஒரு தடவை வைத்த விலைதான். ஒரே நாளில் இருநூறு மீன் கொண்டுபோய்க் கொட்டினாலும் இருநூறாவது மீனுக்கும் முதல் மீனின் விலையே கிடைக்கும். தேவை, வரத்து, விலைவாசி உயர்வு எதுவும் இந்தத் தீவை எட்டிப் பார்க்காது. ஒரே ஒரு விதிவிலக்கு டர்னிப் கிழங்கு. அதைப் பற்றிக் கீழே விரிவாக இருக்கிறது.

ஆக, விலை ஏன் அதிகமாகத் தெரிகிறது? இந்த ஆட்டத்தின் கடிகாரம் நம் வீட்டுக் கடிகாரம். இங்கே இரவு 9 மணி என்றால் தீவிலும் இரவு 9 மணி. ஒரு நாளில் கிடைக்கக்கூடிய வரவில் பெரும்பகுதிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, மறுநாள் வரை காத்திருந்தால்தான் அடுத்த வரவு. எனவே விலையைப் பெல்லில் பார்க்காமல் நாளில் பாருங்கள்.

ஒரு நாள் கணக்கு போடுவோம். தீவில் இருக்கும் பாறைகளில் ஏதோ ஒன்று தினமும் 'காசுப் பாறை'. அதை மண்வெட்டியால் சரியாக எட்டு தடவை அடித்தால் மொத்தம் 16,100 பெல் கொட்டும். நேரம் கொஞ்சம்தான் தருவார்கள், ஒவ்வொரு அடிக்கும் நீங்கள் பின்னால் தள்ளப்படுவீர்கள். அதனால் அடிக்கத் தொடங்கும் முன்பே உங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு குழி தோண்டி வைத்துவிடுங்கள், நகரமாட்டீர்கள். அடுத்து, தரையில் ஓரிடத்தில் பொன்னிற ஒளி தெரியும். தோண்டினால் 1,000 பெல். அந்தக் குழியிலேயே 10,000 பெல்லைப் புதைத்து மூடினால் சில நாளில் காசு மரம் வளர்ந்து 30,000 காய்க்கும். தினம் ஒன்று நட்டுவந்தால் முதல் மரம் பலன் தந்த நாளிலிருந்து தினம் 20,000 லாபம். பிறகு நட்சத்திரம் மாதிரி வெடித்த தரை நாலு இடத்தில் இருக்கும், அவற்றில் புதைபடிவங்கள். அருங்காட்சியகத்து ஆந்தை பிளேதர்ஸ் அவற்றைப் பார்த்து என்னவென்று சொல்லிவிட்டால் கடையில் ஒவ்வொன்றும் ஆயிரத்துச் சொச்சம் முதல் 6,000 வரை போகும். டைனோசர் ராஜா டி. ரெக்ஸின் மண்டையோடு 6,000.

எல்லாம் சேர்த்தால், தூண்டிலைத் தொடாமலேயே அரைமணி நேரத்தில் சுமார் 47,000 பெல். இந்த வேகத்தில் அந்த 12 லட்சம் கிரீடம் இருபத்தைந்து, இருபத்தாறு நாள் வேலை. பியானோ ஆறு நாள் கூட ஆகாது. இப்போது அவ்வளவு பயங்கரமாகத் தெரியாது. ஒரே ராத்திரியில் வேண்டும் என்று நின்றால்தான் விலை கடிக்கும்.

டாம் நூக்கின் வீட்டுக் கடன் பகல் கொள்ளை இல்லையா?

தீவில் நமக்கு வீட்டைக் கட்டிக் கடனும் கொடுக்கும் டாம் நூக் என்ற ரக்கூன் நாயை எல்லோரும் கந்துவட்டிக்காரர் என்று திட்டுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பாவம், எனக்கு அவர் மேல் பரிதாபம்தான்.

முதலில் தீவுக்கு வந்த செலவு 49,800 பெல், அல்லது 5,000 நூக் மைல். மைல் என்பது மீன் பிடிப்பது, களை பிடுங்குவது போன்ற சின்ன வேலைகளுக்குப் பரிசாகச் சேரும் புள்ளி. அதிலேயே கட்டிவிடுங்கள். அப்புறம் கூடாரத்தை வீடாக்க 98,000. வீட்டைப் பெரிதாக்க 1,98,000. பின்னறைக்கு 3,48,000. இடப்பக்க அறைக்கு 5,48,000, வலப்பக்க அறைக்கு 7,58,000. மாடிக்கு 12,48,000. கடைசியில் அடித்தள அறைக்கு 24,98,000. கூட்டினால் 56,96,000 பெல். மேலே சொன்ன நாள் கணக்கில் நான்கு மாதம்.

ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள். வட்டி கிடையாது. தவணைத் தேதி கிடையாது. ஆள் அனுப்புவது, போன் போட்டு மிரட்டுவது, ஜப்தி எதுவும் இல்லை. கடன் கேட்டதும் கட்டி முடித்த அறை மறுநாள் காலையில் தயார், அதன்பிறகு பணத்தை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். ஒரு கடனை முடிக்காமல் அடுத்த அறையைக் கேட்க முடியாது, தண்டனை அவ்வளவுதான். மாடி, அடித்தளம் இல்லாமல் வருடக்கணக்காக நிம்மதியாக விளையாடுகிறவர்கள் நிறைய. நிஜ வீட்டுக் கடன் வாங்கியவர்கள் யாரும் நூக்கைக் குறைசொல்லி நான் கேட்டதில்லை.

பாலம் ஒன்றுக்கு 2 லட்சம் ஏன்? ஊருக்குப் பொதுவானதுதானே?

பாலங்களும் மேட்டுக்கு ஏறும் சரிவுப்பாதைகளும் 98,000 முதல் 2,28,000 வரை. 98,000 பெல் மரப்பாலமும் 2,28,000 பெல் சிவப்பு ஜென் பாலமும் ஒரே ஆற்றைத்தான் தாண்ட வைக்கின்றன, மற்றதெல்லாம் தோற்றம். அவசரத்துக்கு மரப்பாலம் போதும்.

பொதுவானது என்பதால் அக்கம்பக்கத்தாரும் நன்கொடை போடுவார்கள். பாலம் வரும் இடத்தில் லாய்ட் என்ற சின்ன மண்பொம்மை உண்டியலாக நிற்கும். ஊர்க்காரர்கள் தினமும் அதில் ஏதோ கொஞ்சம் போடுவார்கள். போடும் தொகையைப் பார்த்தால் சிரிப்புதான் வரும், மொத்தச் செலவும் கடைசியில் உங்கள் தலையில்தான். உண்டியல் நிறைந்த மறுநாள் பாலம் வந்துவிடும்.

இங்கே நிறையப் பேர் பெல்லை வீணாக்குவது இடம் தேர்ந்தெடுப்பதில். பாலத்தை இடிக்க 10,000, மறுபடி கட்ட முழு விலை. வீடு, கடை போன்ற கட்டிடங்களை நகர்த்துவதும் ஒவ்வொரு தடவையும் 50,000. உங்கள் சொந்த வீடு என்றால் 30,000. ஒரு கட்டமாவது தள்ளி வைத்திருக்கலாமே என்று தோன்றினாலும் முழுக் கட்டணமும் உண்டு. அதனால் கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் தரையில் கோடு மாதிரி ஏதாவது பாதை வடிவத்தைப் போட்டு, இரண்டு நாள் நடந்து பாருங்கள்.

விற்கப் போனால் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்களே?

கடையில் வாங்கும் பொருளைத் திருப்பி விற்றால் கால்பங்குதான். 12 லட்சம் கிரீடம் 3 லட்சம், 2,60,000 பியானோ 65,000. 'பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடலாம்' என்று நினைத்து எதையும் வாங்காதீர்கள்.

கடை காலை 8 முதல் இரவு 10 வரை. மூடிய பிறகு வாசலில் இருக்கும் பெட்டியில் பொருளைப் போடலாம், ஆனால் 80 சதவீதம்தான் தருவார்கள். வேலைக்குப் போய்விட்டு இரவு பத்தரைக்கு ஆட்டத்தைத் திறக்கிறவர்கள் இப்படியே தினமும் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறார்கள். பெட்டியில் போடாமல் மறுநாள் வரை வீட்டு அறையில் வைத்துக்கொண்டால் போதும்.

கடைக்காரக் குட்டிகள் டிம்மி, டாமியிடம் 'இன்றைக்கு எதற்கு மவுசு' என்று கேளுங்கள். நாளுக்கொரு கைவினைப் பொருளுக்கு இரட்டை விலை தருகிறார்கள். பூச்சி வாங்க ஃபிளிக்கும், மீன் வாங்க சி.ஜே.யும் எப்போதாவது தீவுக்கு வருவார்கள். இருவரும் கடை விலையைவிட ஒன்றரை மடங்கு தருவார்கள். சீலகாந்த் மீன் கடையில் 15,000, சி.ஜே.யிடம் 22,500. டராண்டுலா சிலந்தி கடையில் 8,000, ஃபிளிக்கிடம் 12,000. வீட்டு அலமாரிக்குள் உயிரினங்களை வைக்க முடியாது, அதனால் இவர்கள் வரும் வரை கூண்டுகளை வீட்டுக்கு வெளியே வரிசையாக அடுக்கி வைக்கிறார்கள். இரவில் பார்த்தால் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும்.

டராண்டுலா பிடிப்பதே ஒரு கலை. வடகோளத் தீவு என்றால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, இரவு 7 முதல் விடிகாலை 4 வரை வெளியே வரும். வலையைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக நெருங்குங்கள். அது முன்கால்களைத் தூக்கினால் அப்படியே நின்றுவிடுங்கள். கால்களை இறக்கியதும் ஓரடி. மறுபடி தூக்கினால் மறுபடி நில்லுங்கள். பொறுமை இழந்து ஓடினால் அது பாய்ந்து கடித்துவிடும், நீங்கள் மயங்கி வீட்டு வாசலில் கண் விழிப்பீர்கள். மே முதல் அக்டோபர் வரை அதே இடத்தைத் தேள் பிடித்துக்கொள்கிறது, விலையும் அதே 8,000.

டர்னிப் வியாபாரத்தில் கோடீஸ்வரர் ஆகலாம் என்கிறார்களே, நிஜமா?

ஆகலாம், போண்டியும் ஆகலாம். தீவில் விலை ஏறி இறங்கும் ஒரே சரக்கு இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணி முதல் மதியம் 12 வரை டெய்சி மே என்ற காட்டுப்பன்றிக் குட்டி, தலையில் டர்னிப் சுமந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தீவில் சுற்றும். ஒரு டர்னிப் 90 முதல் 110 பெல் வரை. பத்துப் பத்தாக விற்கும். வாங்கியதை அடுத்த ஞாயிறுக்குள் நூக்ஸ் கிரானியில் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும். கடை விலை ஒரு நாளில் இரண்டு தடவை மாறும், காலையில் ஒன்று, மதியம் 12 மணிக்குப் பிறகு ஒன்று. வாசல் பெட்டியில் டர்னிப்பைப் போட முடியாது. வீட்டு அலமாரியிலும் வைக்க முடியாது, தரையில்தான் பரப்ப வேண்டும். அப்படிப் பரப்பி வைத்தவர்களின் வீட்டில் நடக்க இடமிருக்காது.

பாக்கெட்டை முழுதாக விரிவாக்கியிருந்தால் 40 இடம், இடத்துக்கு 100 என்று 4,000 டர்னிப் பிடிக்கும். நூறு பெல் விலையில் வாங்கினால் 4 லட்சம் முதலீடு. 500 விலைக்கு விற்றால் கையில் 20 லட்சம். ஒரே வாரத்தில் அடித்தள அறைக் கடனின் பெரும்பகுதி.

இந்த விலை குருட்டாம்போக்கில் மாறுவதில்லை. ரசிகர்கள் ஆட்டத்தின் நிரலையே பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு வாரமும் நான்கு போக்குகளில் ஒன்றுதான் வரும் என்று கண்டுபிடித்தார்கள். ஒன்று, மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருப்பது. இரண்டு, வாரம் முழுக்க இறங்கிக்கொண்டே போவது. மூன்று, சின்ன ஏற்றம், அதிகபட்சம் வாங்கிய விலையைப் போல இரு மடங்கு. நான்கு, எல்லோரும் வேண்டிக்கொள்ளும் பெரிய ஏற்றம், உச்சத்தில் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை. 110க்கு ஆறு மடங்கு 660, அதற்கு மேல் விலையே கிடையாது. 800க்கு விற்றேன் என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு நகருங்கள்.

பெரிய ஏற்றத்தை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? உங்கள் தீவில் டெய்சி மே சொன்ன விலை 100 என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை 88, மதியம் 84, செவ்வாய் காலை 80, மதியம் 76. மனசு உடையும் நேரம் இது. புதன் காலை திடீரென்று 120. புதன் மதியம் 170. இங்கேதான் பலர் ஆசையில் விற்றுவிடுவார்கள். விற்காதீர்கள். ஏறத் தொடங்கிய இரண்டாவது விலை, வாங்கிய விலையைப் போல 1.4 மடங்கைத் தாண்டினால், அடுத்த அரை நாள் உச்சம். வியாழன் காலை கடை திறந்ததும் போய் நில்லுங்கள். அந்த உச்சம் மதியம் வரைதான், 12 மணிக்கு மேல் போனால் இரண்டு மடங்குக்குள் இறங்கியிருக்கும். ஏறிய இரண்டாவது விலையும் 1.4 மடங்குக்குக் கீழேயே இருந்தால் பெரும்பாலும் சின்ன ஏற்றம், பேராசைப்படாமல் இரு மடங்குக்குள் கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.

திங்களிலிருந்து வியாழன் மதியம் வரை ஒரு தடவை கூட ஏறவில்லையா? முடிந்தது கதை, இது இறங்குமுக வாரம். உங்கள் தீவில் இனி ஏறாது. விலை நன்றாக இருக்கும் நண்பரின் தீவுக்குப் பறந்து போய் விற்பது ஒன்றே வழி. அதற்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா வேண்டும். நண்பர் தன் விமான நிலையத்தைத் திறந்து ஐந்து எழுத்துக் குறியீடு தருவார். 600 விலை என்று ஊருக்கே சொல்லிவிட்டால் கூட்டம் அலைமோதும். ஒவ்வொருவர் வந்து இறங்கும்போதும் தீவில் இருக்கும் அத்தனை பேரும் செய்வதை நிறுத்திவிட்டு விமானம் இறங்கும் காட்சியைப் பார்த்தாக வேண்டும். பல தடவை பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும்.

அழுகிப்போனாலும் ஒரு பிரயோஜனம் உண்டு. தரையில் போட்டுவையுங்கள், எறும்பு மொய்க்கும். அருங்காட்சியகத்துக்கு எறும்பு வேண்டுமே.

பெல்லை வங்கியில் போட்டு வட்டியில் வாழலாமா?

ஒரு மாதம் அந்தக் கனவு இருந்தது. நூக் வங்கி ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வட்டி அனுப்பும். வந்த புதிதில் வட்டி அதிகபட்சம் 99,999 பெல் வரை கிடைத்தது. கன்சோலின் கடிகாரத்தை வருடக்கணக்கில் முன்னால் தள்ளி வட்டியாகவே லட்சங்களைச் சேர்த்தவர்கள் இருந்தார்கள். 2020 ஏப்ரல் அப்டேட்டில் வட்டி விகிதத்தை வெட்டி, உச்சவரம்பை 9,999 பெல்லுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வங்கியே எல்லோருக்கும் கடிதம் எழுதி, மன்னிப்புப் பரிசாகக் காசுப்பை வடிவத்தில் ஒரு தரைவிரிப்பு அனுப்பியது. நிஜ உலகின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையே அதைச் செய்தியாகப் போட்டது. இப்போது வங்கி பத்திரமாக வைக்க மட்டும்தான்.

ரெட் என்ற நரி விற்கும் ஓவியம் 4,980. மலிவாக இருக்கிறதே, வாங்கலாமா?

நரியார் விற்கும் எல்லா ஓவியமும் சிலையும் அதே 4,980 தான். ஆனால் பாதிக்குப் பாதி போலி. போலியை அருங்காட்சியகமும் வாங்காது, கடையும் வாங்காது. வாங்கும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முத்துத் தோடு போட்ட பெண்ணின் ஓவியத்தில் தோடு நட்சத்திர வடிவில் இருந்தால் போலி. மோனாலிசாவின் புருவம் தூக்கி நின்றால் போலி. டேவிட் சிலை கக்கத்தில் புத்தகம் வைத்திருந்தால் போலி, அவர் எந்தக் காலத்தில் நூலகத்துக்குப் போனார்?

மற்ற விளையாட்டுக்காரர்கள் ஒரு பொருளுக்கு மைல் டிக்கெட் நூறு, இருநூறு கேட்கிறார்களே?

ஆட்டத்தின் கடை விலை நிலையானது. மனிதர்களுக்கிடையே நடக்கும் பண்டமாற்றில்தான் நிஜமான சந்தை உருவாகிறது, அங்கேதான் பேராசையும். ஆட்டம் வந்த நேரம் அப்படி. உலகமே வீட்டில் அடைந்து கிடந்தபோது வெளிவந்து, அந்த மார்ச் 31க்குள்ளேயே 1 கோடியே 17 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளைத் தேடினார்கள். கண்ணாடி போட்ட ரேமண்ட் பூனையைத் தன் தீவுக்குக் கொண்டுவர நூக் மைல் டிக்கெட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். ஒரு டிக்கெட் 2,000 மைல். பெல் தாராளமாகப் புழங்கியதால் மக்கள் தாங்களாகவே டிக்கெட்டைக் காசாக்கிக்கொண்டார்கள். டிக்கெட்டுக்கு உழைப்பு வேண்டும் அல்லவா.

நான் சொல்வேன், அந்த விலையைக் கொடுக்காதீர்கள். மேசை, நாற்காலி, சட்டை மாதிரியான பொருள்களுக்கு எளிய வழி உண்டு. வைத்திருப்பவர் அதைத் தரையில் போடட்டும். நீங்கள் ஒரு தடவை எடுத்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அது உங்கள் பட்டியலில் பதிவாகிவிடும். பிறகு நூக் ஷாப்பிங்கில் கடை விலைக்கே ஆர்டர் செய்யலாம், நாளுக்கு ஐந்து வரை. விழாக்காலப் பொருள்கள் சிலவற்றுக்கு மட்டும் இது நடக்காது.

நிஜப் பணத்துக்குப் பெல்லும் பூனையும் விற்கிறவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். அது நிண்டெண்டோவின் விதிகளுக்கு எதிரானது. போதாததற்கு, பணம் போன பிறகு குறியீடு வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

என் மகள் விளையாடுகிறாள். கார்டில் இருந்து பணம் போய்விடுமா?

பயப்பட வேண்டாம். இந்த ஆட்டத்துக்குள் நிஜப் பணம் கொடுத்துப் பெல் வாங்கும் பொத்தானே கிடையாது. 2021 நவம்பரில் வந்த 'ஹேப்பி ஹோம் பாரடைஸ்' விரிவாக்கம் 24.99 டாலர், ஒரே தடவை கட்டுவது. ஆன்லைன் சந்தா தனி. விருப்பமிருந்தால் அமீபோ அட்டைகள், அதாவது நிண்டெண்டோ தனியாக விற்கும் பாத்திர அட்டைகள். அவ்வளவே.

குழப்பம் வருவது அதே பெயரில் இருந்த கைபேசி ஆட்டத்தால். 2017இல் வந்த 'பாக்கெட் கேம்ப்' இலவசம், ஆனால் 'லீஃப் டிக்கெட்' என்பதை நிஜக் காசுக்கு விற்றது. 2024 நவம்பரில் அதை மூடிவிட்டு, ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் பதிப்பாக மாற்றிவிட்டார்கள். நல்ல முடிவு. அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் மேசை நாற்காலிக்கு ரூபாய் கரைவதைவிட, 12 லட்சம் பெல்லுக்குக் குழந்தை ஒரு மாதம் பாறை தட்டுவது எவ்வளவோ மேல்.

கடிகாரத்தை முன்னால் தள்ளி விளையாடுவது ஏமாற்றா?

உங்கள் தீவு, உங்கள் இஷ்டம். ஆனால் டர்னிப் கையில் இருக்கும்போது கடிகாரத்தைப் பின்னால் திருப்பினால் மொத்தமும் அழுகிவிடும், ஜாக்கிரதை. என் அபிப்பிராயம் கேட்டால், காத்திருப்பதுதான் இங்கே விலை. அதைத் தள்ளுபடி செய்துவிட்டால் வாங்கிய பொருளில் சுவாரசியம் இருப்பதில்லை.

இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். எதில் முதலில் செலவழிக்க?

பெல்லைத் தொடுவதற்கு முன் மைலைச் செலவழியுங்கள். 5,000 மைலில் வந்த செலவை அடைத்ததும், 800 மைலுக்குக் கருவிகளைச் சட்டென்று மாற்ற உதவும் கருவி வளையம், 5,000 மைலுக்கு முதல் பாக்கெட் விரிவாக்கம், பிறகு 8,000 மைலுக்கு அடுத்தது. பாக்கெட் இருபது இடத்தோடு நின்றால் எந்த வியாபாரமும் நடக்காது.

பெல்லில் முதல் 98,000 வீட்டுக்கு. அதன்பிறகு ஒரு பாலம், ஒரு சரிவுப்பாதை, இரண்டுமே மலிவானதாக. நூக்ஸ் கிரானி பெரிய கடையாக மாற வேண்டுமானால் கடை திறந்து 30 நாளாவது ஆகியிருக்க வேண்டும், வாங்கியதும் விற்றதுமாக அங்கே 2,00,000 பெல் புரண்டிருக்க வேண்டும். அதனால் சில்லறைச் சிப்பியானாலும் அங்கேயே கொண்டுபோய் விற்றுவாருங்கள். டர்னிப்புக்கு முதல் வாரம் ஐம்பதாயிரத்துக்கு மேல் போடாதீர்கள். விலையை ஒரு தாளில் காலை, மதியம் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள், திங்கள் காலை விலையை விட்டுவிட்டால் அந்த வாரப் போக்கைக் கணிப்பது கஷ்டம்.